கடைசியாக வருபவர்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். மழை நாளில் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொள்கிறது. மற்றபடி காலையில் காய்கறி வாங்கப் பசாருக்கு நடந்தே போய் வருகிறார். உன் உடம்பு எப்படி? மருந்துக் கடையில் இன்னும் சனிக்கிழமையும் உன்னை நிற்க வைக்கிறார்களா?

நீ கைப்பேசியை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. "பேச வேண்டாம், எழுது" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனவள் நீ. அம்மா இப்போதும் ஞாயிறு மாலையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். "அவளுக்கு நம்ம மேல என்னடா கோவம்?" என்று கேட்கிறார். 

இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் சைக்கிள் கூட்டத்தில் பதினெட்டுப் பேர் ஆகிவிட்டோம். ஞாயிறு காலையில் தீவைச் சுற்றி வருவோம். என்னோடு சேர்ந்து நடத்துபவன் இர்வான்; சூலியா தெருவில் அவன் அப்பாவின் பணமாற்றுக் கடையில் இருக்கிறான். டிசம்பர் விடுமுறையில் பெரிய பயணம் ஒன்று போகலாம் என்கிறான். பட்டர்வொர்த்திலிருந்து கிரிக், மறுநாள் காட்டு மலைச் சாலை ஏறி இறங்கி ஜெலி. இரண்டு நாளில் இருநூற்றைம்பது கிலோமீட்டர். அந்த மாதத்தில் அந்த மலையில் மழையும் மூடுபனியும்தான். நம் ஊருக்கு அதுதான் குளிர்காலம்.

ஒன்பது வருஷம் இங்கிலாந்துப் பனியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் மலை ஏறியவள் நீ. எப்படி நடத்துவது என்று எழுது.

உன் தம்பி,
ஹரீஷ்


கார்லைல், இங்கிலாந்து
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஹரீஷ்,

உன் கடிதம் பன்னிரண்டு நாளில் வந்து சேர்ந்தது. நான் நலமாக இருக்கிறேன். சனிக்கிழமை வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அம்மாவை ஈரத் தரையில் வெறுங்காலோடு நடக்க விடாதே.

நீ கேட்டது. முதலில், ஆட்களை எண்ணு. புறப்படும்போது எண்ணு, நின்றால் எண்ணு, நின்ற இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் எண்ணு. கடைசியாக வருவதற்கென்று ஒருவரை வை. அவர் என்ன ஆனாலும் யாரையும் முந்தக் கூடாது. யாராவது "நீங்க போங்க, நான் வந்துடுறேன்" என்றால் போகாதே.

ஏற்றத்தில் யாருக்கும் குளிராது. இறக்கத்தில்தான் பிடிக்கும். மிதிக்காத உடம்பில் சூடு இருக்காது, நனைந்த துணியில் காற்று அடிக்கும், விரல் மரத்துப் பிரேக் பிடிக்க வராது. உச்சியில் நிறுத்தி உலர்ந்த சட்டை மாற்றச் சொல். குளிர் ஏறியவன் தனக்குக் குளிர்வதைச் சரியாகச் சொல்லமாட்டான். நாக்கு குழறும், சிலர் சிரிப்பார்கள்கூட. அவன் வாயை நம்பாதே, கையைத் தொட்டுப் பார்.

நான் இப்போது ஓட்டுவதில்லை. சைக்கிளை விற்றுவிட்டேன். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன் அக்கா,
ரூபினி


ஆயர் ஈத்தாம்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். உனக்குக் கோபம் இல்லை என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப ஏன் பேச மாட்டேங்குறா?" என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது.

நீ எழுதியதை இர்வானுக்கும் படித்தேன். "உங்க அக்கா ஹெட்மாஸ்டர் மாதிரி எழுதுறாங்க லா," என்று சிரித்தான். ஆனால் கடைசியாக வரும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். பதினெட்டுப் பேருக்கும் ஒரே கடையில் மஞ்சள் மழைக்கோட்டு வாங்கியாயிற்று. எங்களில் மூத்தவர் கார்த்திகேசு அண்ணன், வயது ஐம்பத்தெட்டு. பைராம் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பத்து காவான் ஊரில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர். அவர் மனைவி ரமணி அக்கா பெயர்ப் படிவத்தைக் கொடுக்கும்போது, "உங்கள நம்பித்தான் தம்பி அனுப்புறேன்" என்றார்.

பயணத்துக்கு ஒரு அறிவிப்புத் தாள் அடிக்கிறோம். அதில் உன் பெயரைப் போட்டு, 'ஒன்பது ஆண்டுகள் பனிக்காலப் பயணங்களை நடத்தியவரின் ஆலோசனையுடன்' என்று எழுதலாம் என்றிருக்கிறேன். சைக்கிளோடு நீ நிற்கும் படம் ஒன்று அனுப்பு. இல்லையென்றால் உங்கள் சைக்கிள் மன்றத்தின் பெயரைச் சொல், நானே இணையத்தில் தேடி எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவு ஆசையாக வைத்திருந்த சைக்கிளை ஏன் விற்றாய்?

உன் தம்பி,
ஹரீஷ்


கார்லைல்
10 அக்டோபர் 2025

ஹரீஷ்,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

என் பெயரை எங்கேயும் போடாதே. படத்தைத் தேடாதே. அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

ரூபினி


ஆயர் ஈத்தாம்
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

அம்மா சுகம். நான் சுகம் என்று எழுத முடியவில்லை.

தேடாதே என்ற உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே தேடிவிட்டேன். உன் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டதும் ஒரு உள்ளூர்ச் செய்தித்தாள் வந்தது. படத்தில் நீ கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஏதோ கட்டடத்தின் படியில் இறங்குகிறாய். வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். படித்த பிறகு கணினியை மூடிவிட்டேன். அப்புறம் மறுபடி திறந்து படித்தேன். 

2024 ஜனவரி. பதினோரு பேர் போன பயணம். மார்ட்டின் என்ற அறுபத்தோரு வயதுக்காரர் மலையுச்சியில் பின்தங்கிவிட்டார். குளிரில் விறைத்து, ஒரு கல் மதிலுக்குப் பின்னால் கிடந்தவரைக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பயணத்தை நடத்தியவர் ரூபினி. இவ்வளவு நடந்திருக்கிறது, எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. அந்த வாரம்தான் அம்மா உனக்குப் பொங்கல் வாழ்த்துச் சொல்லப் பத்துத் தடவை போன் போட்டார்.

அவர் உனக்குப் போன் செய்ததாகவும், சிக்னல் இல்லாமல் அவர் பேசியது உனக்கு விளங்கவில்லை என்றும் மரண விசாரணையில் நீ சொன்னதாகப் போட்டிருக்கிறது. விளங்காததற்கு நீ என்ன செய்வாய் அக்கா? உன் மேல் தப்பில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் பயணத்தை நிறுத்திவிடவா? எழுது.

ஹரீஷ்


கார்லைல்
20 நவம்பர் 2025

அன்புள்ள ஹரீஷ்,

நான் உயிரோடும் வேலையோடும் இருக்கிறேன். நீ தூங்குகிறாயா? தூங்கு.

நீ படித்தது சரி. படிக்காததைச் சொல்கிறேன். மார்ட்டின் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறு வருஷமாக என்னோடு வந்தவர். அன்றைக்குக் கடைசி ஆளாக வர வேண்டியது நான். ஆலிப்பனியும் மழையும் சேர்ந்து அடித்தது. கணவாயின் உச்சியில் அவர் டயர் பஞ்சர் ஆனது. மற்ற ஒன்பது பேரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். "நீ இவர்களைக் கீழே கூட்டிப் போ, டியூப் மாற்ற எனக்கு ஐந்து நிமிடம்" என்றார். போனேன். கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. எல்லோருக்கும் சூப் சொன்னேன். நனைந்த சட்டைகளைக் கணப்படுப்புப் பக்கத்தில் தொங்கப்போட்டோம். என் போன் அந்தச் சட்டையில் இருந்தது. ஒரு தடவை எடுத்துப் பேசினேன். அதன் பிறகு நான்கு தடவை அழைத்திருக்கிறார். கடை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

அதிலிருந்து போன் அடித்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. அம்மாவின் அழைப்பு என்று தெரிந்தும் எடுக்க முடியவில்லை. காரணம் அதுதான்.

நான் பேசிய அந்த ஒரு தடவையைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது பதில் எழுத வரவில்லை.

போவதா நிறுத்துவதா என்று நான் சொல்லமாட்டேன். போனால் எண்ணு.

அக்கா


ஆயர் ஈத்தாம்
17 டிசம்பர் 2025

அக்கா,

அம்மா நலம். நீ குளிரில் பத்திரமாக இரு.

நாங்கள் போனோம். உன் கடிதம் கிடைத்த பிறகு நிறுத்தத்தான் நினைத்தேன். "உங்க அக்கா சொன்ன எல்லாத்தையும் செஞ்சாச்சு, இன்னும் என்னடா பயம்?" என்றான் இர்வான். நானும் சரி என்றேன்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் கிரிக்கை விட்டதுமே மழை. ஏரிப் பாலத்தில் நின்று எண்ணினேன், பதினெட்டு. அங்கிருந்து மலை ஏற்றம். மூடுபனியில் முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. உச்சியில் உள்ள ஓய்விடத்தில் நிறுத்தி மறுபடி எண்ணினேன். எல்லோரும் மஞ்சள் கோட்டு, தலையில் முக்காடு. விரல் வைத்துத் தொட்டுத் தொட்டு எண்ணினேன் அக்கா. பதினெட்டு. இர்வானும் கடைசியாக வந்து சேர்ந்திருந்தான். சாமான் வேனை முன்னாலேயே அனுப்பியிருந்தோம். கிளம்பிப் பதினான்கு கிலோமீட்டர் இறங்கி, வேன் நின்ற சாலையோர ஒட்டுக்கடைக்குப் போனோம். அங்கே ஒருவர் முக்காட்டை எடுத்துவிட்டு, "தெரிமா காசே, நான் இங்கிருந்து திரும்புறேன்" என்று மலாயில் நன்றி சொல்லிக் கை கொடுத்தார். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கிரிக் ஊர்க்காரர். தனியாக ஓட்டி வந்தவர், பாலத்தைத் தாண்டி எங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவருடையதும் மஞ்சள் கோட்டு.

எல்லோரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கார்த்திகேசு அண்ணன் இல்லை.

அந்தச் சாலையில் போன் எடுக்காது. நானும் இர்வானும் வேனைத் திருப்பிக்கொண்டு மேலே போனோம். உச்சியைத் தாண்டி எட்டுக் கிலோமீட்டர் பின்னால் அவருடைய சைக்கிள் சாலையோரத்தில் கிடந்தது, சக்கரம் இரண்டும் நசுங்கி. சுற்றிலும் யானைச் சாணம். இர்வான் "யா அல்லாஹ்" என்று உட்கார்ந்துவிட்டான். அண்ணன் கீழே மழைநீர்க் கால்வாய்க்குள் முழங்கால் தண்ணீரில் குந்தியிருந்தார். சிறுநீர் கழிக்கச் சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறார். இர்வான் மூடுபனியில் பார்க்காமல் தாண்டிவிட்டான். ஏறி வரப் பார்த்தால் சாலையில் யானை. ஒன்றரை மணி நேரம். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். நீ எழுதிய அதே சிரிப்பு. கையைத் தொட்டேன், மீன் மாதிரி இருந்தது.

இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். ரமணி அக்கா வந்து "என்ன நடந்துச்சு தம்பி?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இர்வான், "அண்ணே சொல்லாம இறங்கிட்டாரு, தெரிஞ்ச உடனே திரும்பிட்டோம்" என்றான். நான் தலையாட்டினேன். கார்த்திகேசு அண்ணனே, "என் தப்புதான், சொல்லிட்டு நின்னுருக்கணும்" என்கிறார். அவர் இல்லாமலே பதினெட்டு என்று எண்ணி நான் கிளம்பியதை யாரிடமும் சொல்லவில்லை.

ஹரீஷ்


கார்லைல்
4 ஜனவரி 2026

ஹரீஷ்,

அவர் எப்படி இருக்கிறார்? முதலில் அதை எழுது.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். தரையில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். ரமணியிடம் போய் உண்மையைச் சொல். இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே போ. ஏன் என்று கேட்டால், காரணம் இதுதான்.

மார்ட்டின் பேசியது எனக்கு விளங்கியது. சிக்னல் நன்றாக இருந்தது. "ரூபினி, விரல் வேலை செய்யவில்லை, டியூபை உள்ளே தள்ள முடியவில்லை. யாராவது மேலே வர முடியுமா?" என்று கேட்டார். நாக்கு குழறியது. ஒன்பது வருஷ அனுபவம் உள்ளவள், அந்தக் குழறலின் அர்த்தம் தெரிந்தவள். என் சூப் அப்போதுதான் மேசைக்கு வந்திருந்தது. "ஆறு கிலோமீட்டர்தான் மார்ட்டின், எல்லாம் இறக்கம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்துவிடுங்கள், சூப் இருக்கிறது" என்றேன். "சரி" என்றார். மொத்தப் பேச்சும் நாற்பது விநாடி.

விசாரணையில் கேட்டார்கள். சிக்னல் சரியில்லை என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவர் மனைவி ஹெலன் முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நீயும் எழுதினாய். ஒவ்வொரு தடவை யாராவது அப்படிச் சொல்லும்போதும் என்ன ஆகிறது என்று உனக்கு இப்போது கொஞ்சம் தெரிந்திருக்கும்.

என்னை மாதிரி இரண்டு வருஷம் இருக்காதே. போ.

அக்கா


ஆயர் ஈத்தாம்
24 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

கார்த்திகேசு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. அம்மா சுகம்.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ ஒரு மனிதரின் குரலைக் கேட்டுவிட்டு சூப் குடித்தாய் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நம்பவும் வேண்டியிருந்தது. இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மறைக்க விரும்பவில்லை, எழுதிவிடுகிறேன். மூன்றாவது நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தலையாட்டியது ஞாபகம் வந்தது.

மறுநாள் பைராம் தோட்டத்துக்குப் போனேன். இர்வானையும் கூப்பிட்டேன். "அவரே தன் தப்புன்னு சொல்றாரு, நீ ஏன்டா போய் மாட்டிக்குற?" என்றான். வரவில்லை. தனியாகப் போய் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பேர் சொல்லிக் கூப்பிடாமல் தலையை மட்டும் எண்ணினேன், அவர் இருந்த இடத்தில் யாரோ ஒருவர் இருந்தார், நான் கிளம்பிவிட்டேன் என்று.

 ரமணி அக்கா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, "ஒரு மாசமா இவர நான் திட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி. பொறுப்பில்லாத ஆளுன்னு. சோறு போடும்போதெல்லாம் திட்டுனேன். நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தீங்க" என்றார்.  நான் எழுந்தபோது கதவு வரைக்கும் அண்ணன்தான் வந்தார். "சொன்னது நல்லது. ஆனா இனிமே இங்க வராதீங்க, கொஞ்ச நாளைக்கு" என்றார்.

வண்டி எடுக்க முடியாமல் வெளியே நின்றுகொண்டிருந்தேன். பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

கூட்டத்தைக் கலைத்துவிட்டேன். இர்வான் பேசுவதில்லை.

நீ ஹெலனிடம் போவாயா?

ஹரீஷ்


கார்லைல்
16 பிப்ரவரி 2026

அன்புள்ள ஹரீஷ்,

நலமாக இருக்கிறாயா? என்னைக் கேட்டால், தெரியவில்லை.

போனேன். நேற்று. அவர் வீடு இருபது நிமிட நடை. இரண்டு வருஷமாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

ஹெலன் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலிலேயே சொன்னேன். "அன்றைக்கு அவர் பேசியது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. உதவி கேட்டார். நடந்து வாருங்கள் என்றேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். ஹெலன் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே, "தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"உனக்கு அடுத்தபடி எனக்குத்தான் போன் பண்ணினார்" என்றார். "'ரூபினி ஆறு கிலோமீட்டர்தான் என்கிறாள், எல்லாம் இறக்கமாம், சூப் இருக்கிறதாம்' என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். 'அப்படியானால் நடங்கள், இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்' என்று சொல்லி வைத்துவிட்டேன். தொலைக்காட்சியில் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

விசாரணையில் அவரையும் கேட்டார்கள் ஹரீஷ். வரத் தாமதமாகும் என்று சொல்லத்தான் அழைத்தார் என்றிருக்கிறார். நான் பொய் சொன்னபோது அவர் முன்வரிசையிலிருந்து பார்த்தாரே, அது குற்றம் சாட்டும் பார்வை என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ, அதன் பின் தன்னையும் கேட்பார்களோ என்று அவர் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

 மன்னிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கையுறை இல்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "உள்ளே வா, குளிர்கிறது" என்றார். அடுப்படியில் உட்கார்ந்தோம். அவரிடம் மார்ட்டின் பேசியதை நானும், என்னிடம் பேசியதை அவரும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டோம். மார்ட்டின் எந்தச் சொல்லை எப்படிச் சொன்னார் என்று.

விசாரணை அலுவலகத்துக்கு நான் சொன்னது பொய் என்று இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். வழக்கு வரலாம், வேலை போகலாம். ஹெலனைப் பற்றி அதில் எழுதவில்லை. அது அவர் எழுத வேண்டியது.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டு. நீயே வாசி. எதையும் விடாதே.

அக்கா


ஆயர் ஈத்தாம்
8 மார்ச் 2026

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முட்டி பரவாயில்லை. கார்த்திகேசு அண்ணன் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை.

உன் கடைசிக் கடிதத்தை நான் நான்கு முறை படித்தேன். அதன் பிறகுதான் அம்மாவிடம் வாசிக்கத் தைரியம் வந்தது. ஞாயிறு மாலை, எல்லாக் கடிதங்களையும் தேதி வாரியாக அடுக்கிவைத்துக்கொண்டு வாசித்தேன். நீ எனக்கு எழுதியது, நான் உனக்கு எழுதியதில் ஞாபகம் இருந்தது, கால்வாயில் கிடந்த அண்ணன், எதையும் விடவில்லை. சூப் வந்த இடத்தில் அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார். அப்புறம், "ம், படி" என்றார்.

முடித்த பிறகு அம்மா அழவில்லை. உன்னைத் திட்டுவார், இல்லையென்றால் உடனே கிளம்பி வரச் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"அந்த ஹெலனம்மாவுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாடா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

"கேட்டு எழுதச் சொல்லு" என்றார்.

உன் தம்பி,
ஹரீஷ்